வயிற்றில் பிள்ளையோடு மோர்பின்

போன கிழமை ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்தவள், எனக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி முறை, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, பிள்ளை வயித்தில இருக்கேக்க நீங்கள் மோர்பின் போட்டனீங்களாம், உண்மையோ?" கேட்ட தொனியில் நான் என்னவோ வீட்டுப் பின்வளவில் கசிப்புக் காய்ச்சிப் பிடிபட்டவள் மாதிரி இருந்தது. ஓம், கடும் நோவுக்கு டொக்டர் போட்ட ஊசி என்றேன். "பிள்ளைக்கு ஒண்டும் இல்லையோ?" என் மகள் அந்த நேரம் அம்மாவின் மடியில் இருந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கையால் காட்டினேன். தங்கச்சி சிரிக்கவில்லை.

இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் இவள் நாலாவது ஆள். ஆளுக்காள் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை, வங்கியில் வேலை செய்கிறேன். எனக்கு நடந்ததையும், அந்த நாட்களில் கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாக ஒரு குளிசை வாங்கிப் போடவும் வேண்டாம், டொக்டர் தந்த குளிசையைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கந்தசஷ்டி நாட்கள். எனக்கு 26 வாரம். பிள்ளைத்தாச்சி விரதம் பிடிக்கத் தேவையில்லை என்று அம்மா சொல்லியும் கேட்காமல் பகலில் பாலும் பழமும் என்று ஒரு அரை விரதம் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரையும் குறைத்திருந்தேன். அதற்கு விரதத்தில் பழி போட முடியாது, வேலையிடத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பிக் கழிப்பறைக்குப் போக வெட்கம், அவ்வளவுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. கேத்திலின் அடியில் பத்து நாளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், தேசிக்காய் பிழிந்து ஊற வைத்துச் சுரண்டினால்தான் போகும். குடாநாடே சுண்ணக்கல்லின் மேல்தானே இருக்கிறது. சலக்கல்லு (சிறுநீரகக் கல்லு) வந்த யாரைக் கேட்டாலும் கிணற்றைத்தான் திட்டுவார்கள், நானும் திட்டினேன். ஆனால் பிறகு டொக்டர் கேட்ட முதல் கேள்வி கிணற்றைப் பற்றியது இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் தண்ணி குடிக்கிறனீங்கள்?"

ஐந்தாம் நாள் இரவு வலது பக்க நாரியில் ஒரு பிடிப்புப் போலத்தான் தொடங்கியது. அரை மணித்தியாலத்தில் அது விலாவில் இருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, யாரோ உள்ளுக்குள் கையை விட்டுத் துணி முறுக்குகிற மாதிரி ஆகிவிட்டது. படுக்க ஏலாது, இருக்க ஏலாது, நிற்க ஏலாது. விறாந்தையில் நாலு காலில் நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆடு மாதிரிக் கத்தினேன். இரண்டு தரம் சத்தி. எல்லோருக்கும் ஒரே பயம், பிரசவ வலி முந்தி வந்துவிட்டதோ என்று. பிரசவ வலி என்றால் வயிறு கல்லுப் போல இறுகி, பிறகு விட்டு, பிறகு இறுகும். இது விடவே இல்லை, வயிறு இறுகவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் ஆராய்ந்தது?

அம்மா நாரியில் சித்தாலேப போட்டுத் தேய்த்தா. மல்லி அவித்துத் தந்தா. தேய்க்கத் தேய்க்க ஒரே சொல்தான் அவவின் வாயில்: "தாங்கு பிள்ளை. பிள்ளைக்கு மருந்து கூடாது. தாங்கு."

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் பிறந்தது 1992இல். பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கொள்ளை விலை, ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு எரித்த விளக்கு வெளிச்சத்தில்தான் என்னைப் பெற்றா. மருந்துக்கும் தட்டுப்பாடு. அவ தாங்கினதற்குக் காரணம் தாங்குவது நல்லது என்பதல்ல, போட மருந்து இல்லை. அந்த இல்லாமை எப்படியோ முப்பது வருடத்தில் ஒரு ஒழுக்கமாக மாறி, மூலைக்கு மூலை பாமசி இருக்கிற காலத்திலும் என் நாரியில் தைலமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

இவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஒரு பாமசியில் குளிசை வாங்கி வந்தார். "இஞ்சாரும், இதைப் போட்டிட்டுப் படும், விட்டிடும் எண்டவங்கள்." டைக்ளோபெனாக். நாரி நோவுக்கு என்று கேட்டிருக்கிறார், கவுண்டரில் நின்ற பெடியன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பிழை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் கேட்கிறவன் படித்தவனாக இருந்தால் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

குளிசை கையில், தண்ணீர்க் கோப்பை மற்றக் கையில். எது என்னை நிறுத்தியது என்று தெரியவில்லை. எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவின் நம்பர் கிளினிக் அட்டையின் முன்பக்கத்திலேயே எழுதியிருந்தது. இரவு ஒன்பதரை. எடுத்தா. குளிசையின் பெயரைச் சொன்னவுடனே, "போடாதை! வாயில வைச்சிட்டியோ?" என்று போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே விறாந்தை முழுக்கக் கேட்டது.

ஏன் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். டைக்ளோபெனாக், ஐபுப்ரொபன் மாதிரி வீக்கமும் நோவும் குறைக்கிற குளிசைகள் பிள்ளையின் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. அரைக் காலத்துக்குப் பிறகு பன்னீர்க்குடத்துத் தண்ணீர் பெரும்பாலும் பிள்ளையின் சலம்தான் (இதை அம்மாவிடம் சொன்னபோது அவ காதைப் பொத்தினா), சிறுநீரகம் மந்தமானால் அந்தத் தண்ணீர் வற்றும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020 ஒக்டோபரில் இதை 20ஆம் வாரத்தில் இருந்தே தவிர்க்கச் சொல்லி எச்சரித்தது. அதற்கு முந்தி 30ஆம் வாரத்துக்குப் பிறகு கூடாது என்பதுதான் அறிவுரையாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் பிள்ளையின் இதயத்துக்குப் பக்கத்தில் திறந்திருக்க வேண்டிய ஒரு இரத்தக்குழாய் முந்தியே மூடிவிடலாம். தெரியாமல் ஒரு குளிசை போட்டவர்களுக்குக் குடி முழுகிப் போகாது, பயந்து அழ வேண்டாம், கிளினிக்கில் மறைக்காமல் சொன்னால் காணும். இன்னொன்று, பிரஷர் வராமல் இருக்க டொக்டர் எழுதித் தருகிற சின்ன அளவு அஸ்பிரின் இதற்குள் அடங்காது. அதை இந்தப் பதிவைக் காட்டி நிறுத்திப் போடாதேயுங்கோ.

"பனடோல் போட்டனியோ?" என்று மருத்துவமாது கேட்டா, பரசிட்டமோலைத்தான் சொன்னா. இல்லை. அதற்குக் காரணம் ரொறன்ரோவில் இருக்கிற மாமி. 2025 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ரிவியில் வந்து, கர்ப்பிணிகள் அந்த மருந்தை எடுத்தால் பிள்ளைக்கு ஓட்டிசம் வரும் என்கிற மாதிரிப் பேசினாரே, அன்றைக்கே மாமியின் வொய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது, நாலு நிமிசம். அதற்குப் பிறகு தலையிடிக்குக் கூட நான் பனடோல் தொடவில்லை. உலக சுகாதார நிறுவனம் அப்படி உறுதியான ஆதாரம் இல்லை என்று அடுத்த நாட்களிலேயே சொன்னது, அது வட்ஸ்அப்பில் வரவில்லை. சுவீடனில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்தது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த மருந்தால் ஓட்டிசம் கூடுவதாகத் தெரியவில்லை. அதுவும் வட்ஸ்அப்பில் வரவில்லை. கர்ப்பத்தில் நோவுக்கும் காய்ச்சலுக்கும் முதலில் கொடுக்கிற மருந்து இன்றைக்கும் அதுதான், தேவையான அளவில், தேவையான நாட்களுக்கு. காய்ச்சலை விட்டுவைப்பதும் பிள்ளைக்கு நல்லதில்லை என்பதை மாமியிடம் யாராவது நாலு நிமிசத்தில் சொல்லுங்கோ.

1990க்கு அடித்தோம். அந்த இலவச அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018இல். ஓட்டோவில் போயிருந்தால் எங்கள் ஒழுங்கையின் ஒவ்வொரு குழியையும் வயிற்றால் எண்ணியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் சேலைனும் நாளம் வழியாகப் பரசிட்டமோலும் ஏற்றினார்கள். ஒரு மணித்தியாலம் போயும் நோ அசையவில்லை. நான் கட்டில் கம்பியைக் கடித்ததைப் பார்த்த ஒரு மிஸ்ஸி, "பிள்ளைக்காகத்தானே, கொஞ்சம் தாங்கிக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா. நல்ல மனுசிதான், மற்ற நேரம் போர்வை கொண்டுவந்து தந்தவ. ஆனால் அந்தச் சொல் மட்டும் இன்னும் எனக்குள் ஒரு முள்ளாகக் கிடக்கிறது. நோ தாங்காமல் இரத்த அழுத்தம் ஏறி, இதயம் படபடவென்று அடித்து, சத்தியெடுத்து உடம்பில் நீர் வற்றிப்போய்க் கிடக்கிற தாயால் பிள்ளைக்கு என்ன நன்மை?

பிறகு வந்த டொக்டர் அம்மா மோர்பின் எழுதினா. அந்தச் சொல்லைக் கேட்டதும் நோவையும் மீறிக் கத்தினேன், வேண்டாம் என்று. எங்கள் வீட்டில் மோர்பின் என்றால் தெல்லிப்பழை. அப்பம்மா கடைசி மூன்று மாதம் புற்றுநோய் வார்ட்டில் குடித்த மருந்து அது. அப்பம்மா அதைக் குடித்தா, பிறகு செத்துப்போனா, ஆகவே அது சாகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்து. இப்படித்தான் எங்கள் மூளை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. புற்றுநோய்தான் கொன்றது, மோர்பின் அவவைக் கொஞ்சம் நித்திரை கொள்ள விட்டது என்பது அந்தக் கணக்கில் வராது.

டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. அந்த வார்ட்டில் ஒரு டொக்டர் இருந்து கதைப்பதை நான் அன்றுதான் கண்டேன். அவ சொன்னதன் சாரம் இது. கர்ப்பத்தில் ஒரு மருந்து நல்லதா கூடாதா என்று மொட்டையாகக் கேட்க முடியாது, எந்த வாரம், எவ்வளவு, எத்தனை நாள் என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் பிள்ளையின் கை, கால், இதயம் எல்லாம் உருவாகிறது, அப்போது பயம் ஊனத்தைப் பற்றியது. 26 வாரத்தில் அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. பிரசவம் கிட்டும்போது மோர்பின் வகை மருந்து கொடுத்தால் பிள்ளை பிறந்தவுடன் மூச்செடுக்க மந்தமாக இருக்கலாம், அதற்கு மாற்று மருந்தும் உண்டு. மாதக்கணக்கில் எடுத்தால் பிள்ளைக்கும் உடல் பழகி, பிறந்த பிறகு அது கிடைக்காமல் தவிக்கும். "உங்களுக்கு இந்த ரெண்டும் இல்லை. ஒரு ராத்திரிக்கு, கொஞ்சமாப் போடப்போறன். பிள்ளைக்கும் போகும், மறைக்கேல்லை. அவவும் கொஞ்சம் நித்திரை கொள்ளுவா." அந்த 'மறைக்கேல்லை' தான் என்னைச் சம்மதிக்க வைத்தது. பிள்ளைக்குப் போகவே போகாது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஊசியை ஒரேயடியாக ஏற்றவில்லை. கொஞ்சம் ஏற்றுவா, மணிக்கூட்டைப் பார்ப்பா, என் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவா, பிறகு கொஞ்சம். கழுத்தின் பின்பக்கம் வெதுவெதுப்பாக ஏதோ ஏறியது, மூக்கு நுனி கடித்தது. நோ போகவில்லை, அது முதலில் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது, பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ நோகிற மாதிரி. கம்பியில் இருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நானே கழற்றினேன். விரல் மடிப்புகளில் பச்சைப் பெயின்ட் துகள் ஒட்டியிருந்தது.

உள்ளே பிள்ளையும் அடங்கிப்போனாள். அதுவரை உதைத்துக்கொண்டிருந்தவள் சத்தமில்லை. அந்த மயக்கத்திலும் நெஞ்சு திக்கென்றது. மிஸ்ஸி வயிற்றில் ஜெல் பூசி அந்தச் சின்னக் கருவியை வைத்து, அங்கே இங்கே தேடி, பிறகு கேட்டது அவளின் இதயம், குதிரை ஓடுகிற சத்தத்தில். இவர் அப்போதுதான் அழுதார். விடிய ஐந்து மணிக்கு அவள் விலாவில் ஒரு உதை தந்தாள், வழக்கத்தைவிடக் கோபமாக.

ஸ்கானில் வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. கர்ப்பத்தில் கல்லு இல்லாமலே வலது பக்கம் கொஞ்சம் வீங்குவது வழக்கமாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. நல்ல காலம், சலக்குழாய் சலப்பையோடு சேருகிற இடத்தில் கல்லே தெரிந்தது. 5 மில்லிமீற்றர். பெரும்பாலான கல்லுகள் தாமாகவே இறங்கிவிடும், காத்திருப்போம் என்றார்கள். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் ஒரு நிமிசமும் காத்திருக்க வேண்டாம், அடைப்போடு கிருமியும் சேர்ந்தால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அப்போது குழாய் வைக்க வேண்டி வரும் என்பதை மூன்று பேர் மூன்று தரம் சொன்னார்கள். மோர்பின் வகையைச் சேர்ந்த கொடீன் கலந்த குளிசை மூன்று நாளுக்குத் தந்தார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுதான் இருக்கிறது. கொடீன் குடலைக் கட்டும், கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையும் கட்டும், இரண்டும் சேர்ந்தால் இதரை வாழைப்பழம் ஒரு சீப்பும் முருங்கையிலைச் சுண்டலும் கூடத் தோற்றுப்போகும். மலமிளக்கியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கோ, வெட்கப்படாதேயுங்கோ.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை இருந்தாள், வன்னிப் பக்கம். இடுப்புக்குள் செல் (எறிகணை) துண்டு, சின்ன வயதில் பட்டது, எடுக்க முடியாத இடம். வருடக்கணக்காக ட்ரமடோல் போடுகிறாள், அதுவும் மோர்பின் வகை மருந்து. கர்ப்பம் என்று தெரிந்ததும் கிளினிக்கில் அதைச் சொல்லவே இல்லை, ஏசுவார்கள் என்ற பயம். பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு நாளில் முழுதாக நிறுத்தியிருக்கிறாள். வேர்த்து, நடுங்கி, வயிற்றோட்டம் போய், வயிறு இறுக ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நீண்ட நாள் எடுத்த அந்த வகை மருந்தைக் கர்ப்பத்தில் திடீரென்று நிறுத்துவது, தொடர்வதைவிட மோசமாக முடியலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. டொக்டர் அதைத் திருப்பிக் கொடுத்து மெல்ல மெல்லக் குறைக்கத் திட்டம் போட்டா. பிள்ளை பிறந்த பிறகு சில நாட்கள் நடுக்கம், கீச்சிட்ட அழுகை, பால் குடிக்க மறுப்பது இருக்கிறதா என்று வார்ட்டில் வைத்துப் பார்ப்போம், வந்தாலும் வைத்தியம் செய்யலாம் என்றா. அந்தப் பிள்ளை இரவு முழுக்க என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: "அக்கா, நான் கூடாத அம்மாவோ?" என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை, அவளின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். செல் அடித்தவன் எவனும் தன்னைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டான்.

எனக்குக் கல்லு இறங்கியது ஒன்பதாம் நாள். ஒவ்வொரு முறையும் சலத்தை வடித்துப் பார்க்கச் சொன்னதால் அம்மாவின் தேத்தண்ணி வடியை எடுத்திருந்தேன். அதன் வலையில் ஒரு பழுப்பு நிறத் துணிக்கை, கொத்தமல்லி விதையளவு. இதற்காகவா அந்த ஆட்டம் என்று எனக்கே அவமானமாக இருந்தது. கல்லை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வடியை அம்மா வேலிக்கு வெளியே எறிந்துவிட்டுப் புதிது வாங்கினா.

மகள் தை மாதம், 38 வாரத்தில் பிறந்தாள். வலி பிடித்த ஆரம்பத்தில் பெத்தடீன் போட்டார்கள், அதுவும் மோர்பின் வகை ஊசி. பிரசவத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம்தான் இருக்கிறது என்றால் பிள்ளை சோர்ந்து பிறக்கக்கூடும், அதனால் நேரம் பார்த்தே போட்டார்கள். பிறந்தவுடன் நல்ல சத்தமாகவே அழுதாள். அடுத்த நாள் தையல் நோவுக்கு மிஸ்ஸி ஒரு மருந்து வைக்க வந்தா, பின்வழியால் வைக்கிறது. பெயரைக் கேட்டேன். டைக்ளோபெனாக். எனக்குச் சிரிப்பு வந்து தையல் இழுத்தது. பிள்ளை வெளியே வந்துவிட்டது, அதன் சிறுநீரகம் இனி என் இரத்தத்தில் இல்லை, தாய்ப்பாலுக்கும் அது கொஞ்சமாகத்தான் போகும். மறுபக்கம், அன்று எனக்கு உதவிய கொடீனை இப்போது தரமாட்டார்கள். சிலரின் உடல் அதை மிக வேகமாக மோர்பினாக மாற்றி, பாலில் கூடுதலாக விடும். கொடீனையும் ட்ரமடோலையும் பால் கொடுக்கிற தாய்மாருக்கு வேண்டாம் என்று 2017இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. நேற்று விஷம் இன்று மருந்து, நேற்று மருந்து இன்று விஷம். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் நான் சரக்குக் கறியோட நிக்கிறன்" என்றா.

சரி, அந்தத் தங்கச்சி. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது, பந்தியில் அவள் சோற்றை ரசத்தில் குழைத்து ஒரு பக்கத்தால் விழுங்கிக்கொண்டிருந்தாள், வடையைத் தொடவே இல்லை. போன் எடுத்தேன். கடைவாய்ப் பல்லு, நாலு இரவாக நித்திரை இல்லை, கராம்பைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். 31 வாரம். பல்லுக் கிளினிக்குக்குப் போனால் விறைப்பு ஊசி போடுவார்கள், பிள்ளைக்குக் கூடாது என்று மாமியார் மறித்துவிட்டாவாம். பனடோலுமா என்றேன். பனடோலும்தான், ஓட்டிசமாம். (ரொறன்ரோ மாமிக்கு எத்தனை பேரின் நம்பர் இருக்கிறதோ.)

அடுத்த நாள் காலை நானே கூட்டிக்கொண்டு போனேன். கிளினிக் அட்டையைப் பார்த்தார்கள், ஒரு பக்கம் சரித்துப் படுக்க வைத்தார்கள், விறைப்பு ஊசி போட்டுப் பிடுங்கினார்கள். சீழ் பிடித்த பல்லு. கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய அன்டிபயோட்டிக்கும் பரசிட்டமோலும் எழுதித் தந்தார்கள். திரும்பி வரும்போது ஓட்டோவில் பஞ்சைக் கடித்தபடி என் தோளில் சாய்ந்து அப்படியே நித்திரையாகிவிட்டாள், வீட்டுப் படலை வந்தும் எழும்பவில்லை. ஓட்டோக்காரத் தம்பி மீற்றரை நிற்பாட்டிவிட்டு, "விடுங்கோ அக்கா, படுக்கட்டும்" என்றான். வேப்பமர நிழலில் இருபது நிமிசம் நின்றோம்.